மலையேறிய மஞ்சள் மண்

கால்டன்எக் அடிவாரம்
9 ஏப்ரல் 1998

அன்புள்ள பூர்கி,

இங்கே எல்லோரும் நலம், என் முட்டியையும் சேர்த்து. ஆபரேஷன் செய்த வலது முட்டி ஜோராக மடங்குகிறது. இடது முட்டிதான் பொறாமையில் வலிக்கிறது. உன் அம்மா வழக்கம்போல் இருக்கிறாள், அதாவது நான் சொல்வதைக் கேட்பதில்லை. நீ வியன்னாவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மார்ச்சில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மெலிந்துபோய்த் தெரிந்தாய். பூட்ஸ் நிறைய மஞ்சள் சேற்றோடு வார்டுக்குள் நீ நடந்ததும், "இது ஆஸ்பத்திரியா, உழுத வயலா?" என்று அந்த நர்ஸம்மா கத்தியதும் இன்னும் என் காதில் இருக்கிறது. மண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறவள் பட்டுச் செருப்பிலா வருவாள் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

இப்போது விஷயம். எல்லைக் குழு வரைபடத்தை அனுப்பிவிட்டது. இந்த அறுவடை முதல், கோட்டுக்குள் இருக்கிற தோட்டத்து ஒயினில் மட்டும்தான் 'கால்டன்எக்' என்று மலையின் பெயரைப் போடலாம். நல்ல சட்டம்தான் என்று போன வருஷம் கைதட்டினவன் நான். இன்றைக்கு அந்தக் கையை வெட்டிக்கொள்ளலாமா என்றிருக்கிறது. மலைச்சரிவில் சுவர் வைத்துக் கட்டிய நம் மேல் மூன்று படிகளும் கோட்டுக்கு வெளியே! நமக்கு இருக்கிற ரீஸ்லிங் திராட்சை மொத்தமும் அந்த மூன்று படிதான். பக்கத்துப் படி போல்டியுடையது, அது உள்ளே. அடிவாரத்தில் மெர்க்கிங்கரின் தட்டை வயல், மழை பெய்தால் தவளை குடும்பம் நடத்துமே, அதுவும் உள்ளே! மலையிலேயே உயரமான இடம் மலை இல்லையாம், மலையைத் தொடாத இடம் மலையாம். குழுவுக்குத் தலைவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெர்க்கிங்கரேதான்.

யாரோ வந்து குழி தோண்டி மண் பார்த்து முடிவு செய்தார்களாம். நான் ஆஸ்பத்திரியில் கால் நீட்டிப் படுத்திருந்த வாரம் பார்த்து வந்திருக்கிறான்கள். நீ அந்தத் துறையில்தானே இருக்கிறாய்? நம் படியில் தோண்டின கழுதை யார் என்று விசாரித்து எழுது. பெயர் மட்டும் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முத்தங்களுடன்,
அப்பா

வியன்னா
2 மே 1998

அன்புள்ள அப்பா,

நலம். இங்கே ஒரு வாரமாக மழை. ஈஸ்டருக்கு வர முடியாததற்கு அம்மா கோபித்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன். முட்டிக்குக் கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்கிறீர்களா? படிகளில் இப்போதே ஏற வேண்டாம்.

வரைபடம் விஷயம் பார்த்தேன். மண் அறிக்கையில் இருப்பதை, ஆட்சேபங்கள் மேல் விசாரணை முடியும்வரை யாரும் வெளியே சொல்லக்கூடாது என்று விதி. அவசரப்பட்டு ஆட்சேபம் எதுவும் எழுதிவிடாதீர்கள், அப்பா. கொஞ்சம் பொறுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பூர்கி

கால்டன்எக் அடிவாரம்
10 மே 1998

அன்புள்ள பூர்கி,

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஆட்சேபம் எழுதி அனுப்பியாகிவிட்டது. பொறுக்கச் சொல்கிறாய். உன் அப்பனிடம் இருக்கிற சாமான்களில் பொறுமை எப்போது இருந்தது? உடம்புக்கு ஒன்றுமில்லை, ரத்தக்கொதிப்பு மட்டும் இளமையோடு இருக்கிறது.

நேற்று மெர்க்கிங்கரின் ஆபீசுக்கே போனேன். பெரிய மேசை, பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கப்பல் மாதிரி அவருடைய எஃகுத் தொட்டிகள்.

"வா, ஏங்கல்பெர்ட். முட்டி எப்படி இருக்கு?"

"முட்டி கிடக்கட்டும் ஐயா. உங்க கோடு ஏன் என் வேலிகிட்ட வந்ததும் மூச்சு வாங்கி நின்னுடுச்சு?"

"நான் என்னப்பா பண்றது? தோண்டினவங்க அறிவியல் படிச்சவங்க. நீயும் நானும் எட்டாங்கிளாஸ்."

"நான் எட்டாங்கிளாஸை ரெண்டு தடவை படிச்சவன். உங்களைவிட ஒரு வருஷம் கூடுதல்."

"சிரிக்க வைக்காதே. உன் படியில மண்ணு சரியில்லையாம்."

"என் மண்ணு சரியில்ல, உங்க தவளைக் குட்டை சரியா?"

உடனே அவருக்கு யாரையோ பார்க்கப் போக வேண்டியதாகிவிட்டது. பணக்காரர்களுக்குச் சரியான நேரத்தில் வேலை வந்துவிடுகிறது.

வாசலில் பைன் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு சொந்த ஒயின் விற்கும் நம் குடிமனையைத் திறந்த இரண்டு வாரத்தில் ஆட்சேபத்துக்கு நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினேன். அதில் ஒன்று வழி தப்பி வந்த லின்ஸ் நகரத்துப் பல் டாக்டருடையது. எதற்கு என்று கேட்காமல் போட்டார், நல்ல மனுஷர். வழக்கம்போல் எல்லோர் கையிலும் முதலில் ஒரு கல்லைக் கொடுத்து, "நக்குங்க, அப்புறம் குடிங்க. ரெண்டும் ஒரே ருசியா இல்லன்னா காசு வேண்டாம்" என்றேன். பதினெட்டு வருஷமாக ஒருத்தனும் இல்லை என்று சொன்னதில்லை. கல்லின் ருசி நம் ஒயினில் இருக்கிறது என்று பல் டாக்டரின் நாக்குக்கே தெரிகிறது, குழு நாக்குக்குத் தெரியவில்லை!

அந்தக் கழுதையின் பெயரை நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். இந்தத் தடவை மறக்காதே.

அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.
அப்பா

கால்டன்எக் அடிவாரம்
21 ஜூன் 1998

அன்புள்ள பூர்கி,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? உன் அம்மாவிடம் கேட்டால், "அவளை விடுங்க, வேலை இருக்கும்" என்கிறாள். கேள்வியை நான் முடிப்பதற்குள் சொல்கிறாள். முப்பது வருஷமாக எதற்கும் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லாதவள்.

கொடிகள் பூத்து முடிந்தன. அடிவாரத்தில் எல்லாம் பூ விழுந்து பத்து நாளாகிறது, நம் படியில் முந்தாநாள்தான். சாயங்காலமானதும் மேலே காட்டுக்குள்ளிருந்து குளிர் இறங்கி வந்து சட்டைக் காலருக்குள் கை விடுகிறது. ஜூன் மாதத்தில்! நானும் கொடிகளும் சேர்ந்து நடுங்குகிறோம். இந்தக் குளிரில் நின்றுகொண்டு, இது மலை இல்லை என்று ஒருத்தன் காகிதத்தில் எழுதினானே, அவனை இங்கே ஒரு சாயங்காலம் சட்டையில்லாமல் நிறுத்த வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு பேனாவைச் சாய்க்கிறவனுக்கு அப்பன், ஆத்தாள் இருக்க மாட்டார்களா? அவன் அப்பனைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

விசாரணை செப்டம்பர் பன்னிரண்டு. உன் நிலையத்திலிருந்து ஒரு நியாயமான ஆள் வந்து சாட்சி சொன்னால் போதும். நீயே வரலாமே?

பதில் போடு. இரண்டு வரியாவது.
அப்பா

வியன்னா
5 ஜூலை 1998

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

நம் படியில் தோண்டியது நான். ஆட்கள் யாரும் வரவில்லை, நான் ஒருத்திதான். அந்தச் சேற்றோடுதான் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சொல்லத்தான் வந்தேன். நீங்கள் நர்ஸம்மாவைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள், சொல்ல முடியவில்லை.

கால்டன்எக்கின் மண் எப்படி இருக்கும் என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். ஒரு முழ ஆழம்கூட இருக்காது, சாம்பல் நிறம், கையில் எடுத்தால் பாதி கல். போல்டி மாமாவின் படியில் அப்படித்தான் இருந்தது. நம் மூன்று படியிலும் இடுப்பளவு இறங்கினேன், மாவு மாதிரி மஞ்சள் மண். சமவெளி மண். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. எழுபத்தொன்பதில் புயல் மழையில் நம் சுவர்கள் சரிந்து மேல் படி மண் எல்லாம் ஆற்றோடு போனது. அதே கோடையில் மெர்க்கிங்கர் புதுக் கூடம் கட்ட, அடிவார வயலில் கடைக்கால் தோண்டினார். அந்த மண்ணை நீங்கள் டிராக்டரில் மேலே ஏற்றினீர்கள். எனக்கு ஆறு வயது. டிரெய்லரில் மண்ணின் மேல் உட்கார்ந்து வந்தது நான்தான்.

நம் ஒயினுக்கு, நாக்கில் உருண்டு கனக்கிற மாதிரி, கொஞ்சம் தொப்பை உண்டு என்று நான் சொல்லும்போதெல்லாம் அது அதன் குணம் என்பீர்கள். அது அந்த மண்ணின் தொப்பை, அப்பா. நீங்கள் விருந்தாளிகளுக்கு நக்கக் கொடுக்கும் கல் போல்டி மாமாவின் சுவரிலிருந்து எடுத்தது.

இன்னொன்று. என் கோடு நம் படிகளை மட்டும் வெளியே விடவில்லை, அடிவார வயலையும் வெளியேதான் விட்டது. அச்சாகி வந்தபோது அடிவாரம் உள்ளே போயிருந்தது. எப்படி என்று நிலையத்தில் கேட்டேன், வாயை மூடச் சொன்னார்கள். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மூடினேன். இதை எழுதுவதே தப்பு.

நம் மண் என்பதற்காக நான் கோட்டை வளைத்திருந்தால், எனக்கும் மெர்க்கிங்கருக்கும் என்ன வித்தியாசம்?

பூர்கி

8 ஜூலை

பூர்கி,

என் பெண் நான் மயக்க மருந்தில் கிடக்கும்போது என் தோட்டத்தில் ஏறிக் குதித்துத் தோண்டுவாள் என்று நான் நினைக்கவில்லை. அதைச் செய்தவனின் அப்பனை நாலு வார்த்தை கேட்பேன் என்று எழுதியிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று கேட்டுக்கொண்டேன், உனக்கு இப்போது சந்தோஷமா?

மழை இறக்கின மண்ணைக் குளிர்காலத்தில் முதுகுக்கூடையில் சுமந்து திரும்ப மேலே கொட்டுவது இந்த மலையில் எல்லோரும் செய்வது. நான் கூடைக்குப் பதில் டிராக்டரில் செய்தேன். பத்து டிரெய்லர் இருக்கும். பத்து டிரெய்லரில் மலை சமவெளியாகிவிடுமா? நீ தப்பான இடத்தில் தோண்டியிருக்கிறாய். படித்தவர்கள் தப்பே செய்ய மாட்டார்களா?

பதில் எழுத வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

ஏங்கல்பெர்ட்

கால்டன்எக் அடிவாரம்
23 ஆகஸ்ட்

கண்ணே பூர்கி,

அம்மா எழுதுகிறேன். நலம்தானே? உன் அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. நீ மார்ச்சில் வந்து குழி தோண்டியபோது நான் ஈரல் உருண்டை சூப் வைத்துக் கொடுத்தேன் என்பதை ஜூலையில் சொல்லிவிட்டேன். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நன்றாக அமைதியாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மண்வெட்டியோடு மேலே போகிறார். "களை எடுக்கப் போறேன்" என்கிறார். களை எடுக்க இடுப்பளவு பள்ளமா? மூன்று படியிலும் மூன்று மூன்று குழி. போல்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன ஏங்கல்பெர்ட், உனக்கே தோண்டிக்கிறியா?" என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமை உன் அப்பா ஒரு செங்கல்லோடு வந்தார். தேய்த்துக் கழுவிச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"செங்கல்."

"அது தெரியுது."

"எம்னு எழுத்து போட்டிருக்கு பாரு."

மெர்க்கிங்கரின் அப்பா சூளை வைத்திருந்தபோது ஒவ்வொரு கல்லிலும் அந்த எழுத்தை அழுத்தித்தான் சுடுவார்கள். அவர்களுடைய பழைய கொட்டகை முழுக்க அந்தக் கல்தான், புதுக் கூடம் கட்டும்போது இடித்தார்கள். சூப்பைச் சூடு பண்ணி வைத்தேன், குடித்தார்.

நீ இப்போது எழுதாதே. பொறு.
அம்மா

கால்டன்எக் அடிவாரம்
14 செப்டம்பர் 1998

அன்புள்ள பூர்கி,

முட்டி இரண்டும் வீங்கியிருக்கிறது, ஒன்பது குழி தோண்டினால் வீங்காதா? மற்றபடி நலம். உன் நலம் எழுது. பதில் எழுத வேண்டாம் என்று சொன்ன ஆள் நான் இல்லை, அவன் வேறு ஒருத்தன், ஊரைவிட்டுப் போய்விட்டான்.

முதலில் ஒன்று. எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தெரியும். நாற்பது டிரெய்லருக்குக் குறையாது. பத்து என்று ஒரு வருஷம் சொன்னேன், அதற்குப் பிறகு நானே நம்பிவிட்டேன். கல்லை நக்குங்கள் என்று முதல்முதலில் சொன்னது மண் ஏற்றினதற்கு அடுத்த வருஷம்தான்.

சனிக்கிழமை விசாரணை. தேவாலயத்துக் கூடம் நிறைய ஆட்கள். மேசையில் நடுவில் மெர்க்கிங்கர், பக்கத்தில் மாநில அரசிலிருந்து வந்த ஒரு அம்மாள், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு. என் பெயரைக் கூப்பிட்டார்கள். பையிலிருந்து செங்கல்லை எடுத்து மேசையில் வைத்தேன். கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன், தண்ணீர்க் குவளை குதித்தது.

"என்ன இது ஏங்கல்பெர்ட், கட்டட வேலைக்குக் கிளம்பிட்டியா?" என்றார் மெர்க்கிங்கர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இது என் மேல் படியில இடுப்பளவு ஆழத்துல கிடைச்சுது ஐயா. எழுத்தைப் பாருங்க."

பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"எழுபத்தொன்பதுல உங்க கூடத்துக்குக் கடைக்கால் தோண்டின மண்ணை நான் ஏத்திக்கிட்டுப் போனேன். 'எடுத்துக்கோ, எனக்கு லாரி வாடகை மிச்சம்'னு நீங்கதான் சொன்னீங்க. என் மூணு படியும் அந்த மண்ணுதான். மலை மண்ணு இல்ல. தோண்டிப் பார்த்தவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. என் ஆட்சேபத்தை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

போல்டி பின்னாலிருந்து, "டேய், உனக்குப் பைத்தியமா? நாங்க எல்லாம் கையெழுத்துப் போட்டோமேடா!" என்று கத்தினான்.

மெர்க்கிங்கர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ உன் மண்ணு மலை இல்லன்னு நீயே ஒத்துக்கிறே. எழுதிக்கோங்க."

"என் மண்ணு இல்லைங்க ஐயா, உங்க மண்ணு. எழுதிக்கோங்க. மலை உச்சிக்குத் தூக்கிட்டுப் போயும் அது மலை ஆகலைன்னா, கீழே பொறந்த இடத்துல கிடக்கிற மிச்சம் மட்டும் எப்படிங்க மலை ஆகும்? ஒரே மண்ணு. ஒண்ணு ரெண்டு இடமும் உள்ளே, இல்லன்னா ரெண்டும் வெளியே."

அப்புறம் அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நிலையத்தோட முதல் வரைபடத்தைக் கொஞ்சம் எடுங்க" என்றார். மெர்க்கிங்கர் அது வீட்டில் இருக்கிறது என்றார். "பரவாயில்ல, எங்ககிட்ட ஒரு பிரதி இருக்கு" என்றார் அந்த அம்மாள். பையிலிருந்து எடுத்து விரித்தார். உன் கோடு. அடிவாரம் வெளியே, நாம் வெளியே. யார் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டார். அச்சகத்துத் தப்பு என்றார் மெர்க்கிங்கர். அச்சகக்காரன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான், "கொடுத்ததைத்தான் அச்சடிச்சேன்" என்று எழுந்துவிட்டான். மிச்சத்தை நேரில் சொல்கிறேன்.

உன் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை. செங்கல் மட்டும்தான் பேசியது.

ஆக, உன் கோடு அப்படியே நிற்கிறது, மெர்க்கிங்கர் வயலும் வெளியே. நம் புட்டியில் இனி மலையின் பெயர் இல்லை. வெளியே வந்ததும் போல்டி என் சட்டையைப் பிடித்தான், பிறகு குடிக்கக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார் மேல் என்றுதான் முடிவாகவில்லை. நீ சொல்லாமல் தோண்டினாயே, அது தப்புதான். அதையும் ஒருநாள் சண்டை போட்டு முடிக்க வேண்டும்.

அப்பா

வியன்னா
4 அக்டோபர் 1998

அன்புள்ள அப்பா,

நலம். உங்கள் கடிதத்தை டிராமில் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

யாரோ எனக்கு முன்பே விசாரணை பற்றி நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். என்னைத் திராட்சை மலைகளிலிருந்து எடுத்து உருளைக்கிழங்கு வயல்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். உருளைக்கிழங்குக்கு யாரும் எல்லைக்கோடு கேட்பதில்லை, நிம்மதியாக இருக்கிறது.

ஒயினுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள்? முட்டியோடு அறுவடைக்கு இறங்காதீர்கள்.

பூர்கி

கால்டன்எக் அடிவாரம்
16 நவம்பர் 1998

அன்புள்ள பூர்கி,

நாங்கள் நலம். உன்னை உருளைக்கிழங்குக்குத் தள்ளியவர்களின் நலம் பற்றி நான் கேட்க மாட்டேன். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள்.

அறுவடை போன வாரம் முடிந்தது. அடிவாரத்தில் எல்லாம் பறித்து இருபது நாள் கழித்துத்தான் நம் படியில் பழுத்தது. விரல் விறைத்துப்போய்க் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. புளிப்பு கண்ணில் தண்ணீர் வர வைக்கிறது. பெயர் ஒன்றும் வைக்கவில்லை. வெறும் 'ரீஸ்லிங்'. எந்த மலை என்று கேட்கிறவர்களிடம் "மெர்க்கிங்கர் வயல், மாடியில வளர்ந்தது" என்கிறேன். அவர் காதுக்குப் போய்விட்டது, தேவாலயத்தில் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். கல் நக்கும் விழா ரத்து. போல்டியின் கல்லை அவன் சுவரிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

இதோடு இரண்டு புட்டி அனுப்புகிறேன், போன வருஷத்து ஒயின். ஒன்று நம்முடையது, ஒன்று போல்டியுடையது. ஒட்டுத்தாள் இல்லை. கழுத்தில் சாக்குக்கட்டியால் குறி போட்டு வைத்தேன். பெட்டியில் போடுவதற்கு முன்னால் தூசி என்று நினைத்து நானே துடைத்துவிட்டேன். எது எது என்று எனக்கும் தெரியாது. எட்டாங்கிளாஸ் இரண்டு தடவை படித்தும் பயனில்லை. குடித்துப் பார்த்து நீ சொல். நீ எதைச் சொன்னாலும் அதுதான்.

அப்பா

வியன்னா
29 நவம்பர் 1998

அன்புள்ள அப்பா,

நீங்களும் அம்மாவும் முட்டிகளும் நலமா?

இரண்டாவது புட்டி நம்முடையது. முதல் வாயிலேயே தொப்பை தெரிந்துவிட்டது. போல்டி மாமாவுடையதில் தொப்பை கிடையாது, கத்தி மாதிரி நேராக இறங்குகிறது. ஆனால் விழுங்கிய பிறகு இரண்டும் ஒன்றுதான், அப்பா. காட்டிலிருந்து இறங்கி வந்து காலருக்குள் கை விடும் என்று எழுதினீர்களே, அந்தக் குளிர் இரண்டிலும் இருக்கிறது. நான் மண்ணுக்குத்தான் கோடு போட்டேன். இந்தக் குளிருக்குப் போடத் தெரியவில்லை, யாரும் சொல்லியும் கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். நீங்கள் மீதி வைத்திருக்கிற சண்டையையும் போட்டுவிடலாம். காலையில் ஒரு உருளைக்கிழங்கு வயல் பார்க்க வேண்டியிருக்கிறது, அங்கிருந்து நேராக வருவேன். பூட்ஸைத் துடைக்கப்போவதில்லை.

பூர்கி